மடிப்பு விழாத வாக்குத்தத்தம்

1

இங்கே ஜனவரி ஒன்றாம் தேதிக்கு விடுமுறை கிடையாது. குப்பை வண்டி வரும், தபால்காரர் வருவார், பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்கள். இந்த ஊர்க்காரர்களின் வருஷப் பிறப்பு செப்டம்பர் வாக்கிலேயே முடிந்துவிடுகிறது. இஸ்ரவேலில் இந்த ஹைஃபாவுக்கு வந்து ஆறு வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை. இன்று காலையும் எழுந்து, மிரியத்தைத் துடைத்து உடை மாற்றி, சர்க்கரை பார்த்து, ஊசி போட்டு, ரொட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, "புது வருஷ வாழ்த்து" என்றேன்.

"எதுக்கு?" என்று கேட்டாள்.

மிரியத்துக்கு எண்பத்து நாலு வயது. சக்கர நாற்காலியில் இருக்கிறாள். அவளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. இவர்கள் பாஷையான எபிரேயத்தில் 'நீங்கள்' என்று மரியாதைக்குத் தனியாக ஒரு சொல் இல்லை. எல்லோருக்கும் 'நீ'தான். ஆறு வருஷம் அப்படியே பேசிப் பேசி எழுதும்போதும் 'அவள்' என்றே வருகிறது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் சபைப் பழக்கம் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மந்தைவெளியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடியில் எங்கள் சபை. புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் பெரிய எவர்சில்வர் தட்டில் அட்டைகளை வைத்து வரிசையாக நீட்டுவார்கள். ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரு வசனம் அச்சடித்திருக்கும். வெளியே தெரியாதபடி நாலாக மடித்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வந்த வசனம்தான் அந்த வருஷத்துக்கு நமக்குக் கர்த்தர் கொடுத்த வாக்குத்தத்தம். வெளியூரில் இருப்பவர்களுக்கு வீட்டார் ஒருவர் எடுத்து, பிரித்துப் பார்க்காமல் தபாலில் அனுப்புவார். எனக்கு என் மகள் பியூலா அனுப்புவாள்.

போன வருஷம் அவள் அனுப்பிய அட்டையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

2

பியூலாவின் அப்பா இறந்த மறு வருஷம் நான் கிளம்பினேன். அதற்கு முன்பு மயிலாப்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயாவாக இருந்தேன். "ரெண்டே வருஷம், அப்புறம் ஊரோட வந்துடலாம்" என்று தி.நகர் ஏஜென்ட் சொன்னார். பியூலாவுக்கு அப்போது பதிமூன்று வயது. பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில் இருக்கும் என் தங்கை ஸ்டெல்லாவிடம் அவளை விட்டுவிட்டு வந்தேன். நான் எட்டாவதோடு நின்றவள். இவளாவது காலேஜ் வாசலை மிதிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும். பிளஸ் டூ முடித்து, அடையாறில் ஒரு காலேஜில் பி.எஸ்ஸி. சேர்ந்துவிட்டதாக முந்திய வருஷம் எழுதியிருந்தாள். அவள் பையை மாட்டிக்கொண்டு காலேஜுக்குப் போவதை ஒரு நாளாவது பார்க்க வேண்டும் என்று போன மார்ச்சில் ஊருக்குப் போகத் திட்டம் போட்டு, மிரியத்தின் மகனிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

ஜனவரியில் அட்டை வந்தது. ஆபகூக் தீர்க்கதரிசி, இரண்டாம் அதிகாரம், மூன்றாம் வசனம். தரிசனத்துக்கு ஒரு காலம் குறித்து வைத்திருக்கிறது, முடிவில் அது பேசும், பொய் சொல்லாது, தாமதித்தாலும் காத்திரு, அது நிச்சயம் வரும், தாமதிக்காது என்பது அதன் சாரம்.

காத்திரு என்று இருந்தது. நான் பயணத்தைத் தள்ளிப் போட்டேன்.

தள்ளிப் போட்ட பிறகு நெஞ்சு குறுகுறுத்தது. தாமதித்தாலும் காத்திரு என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் தாமதிக்காது என்றால் என்ன அர்த்தம்? ஏஜென்ட் பேச்சும் இப்படித்தான் இருக்கும். விசா லேட்டாகும் மேடம், ஆனா லேட்டாகாது. மிரியத்திடம் கேட்டேன். அவள் கடவுள் இல்லை என்பாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வேதம் இன்னும் ஒரு எழுத்துப் பிசகாமல் வரும்.

"ரெண்டும் ஒரே வார்த்தை இல்ல," என்றாள். "முதல்ல வர்றது யித்மஹ்மா. காய் வாங்கப் போற இடத்துல பிலிப்பைன்காரியோட நின்னு பேசி, நாலு கடையில விலை கேட்டு, ஆடி அசைஞ்சு வருவியே, அது. கடைசியில வர்றது யெஅஹெர். என் ஊசி வேளை தாண்டி வர்றது. வழியில நின்னு நின்னு வரும், ஆனா வேளை தப்பாதுன்னு சொல்றான்."

"பொய் சொல்லாதுன்னு இருக்கே, அதுக்கு?"

"யெகஸேவ்." ஜன்னலைக் காட்டினாள். கீழே மலைச்சரிவில் ஒரு ஓடை. "மழைக்காலத்துல தண்ணி ஓடும். கோடையில வெறும் கல்லு. தாகத்தோட இறங்கிப் போறவனை ஏமாத்துற ஓடைக்கு எங்க பாஷையில அந்த வேர்லேர்ந்துதான் பேரு."

மீதி இரண்டு சொற்களை அவள் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. குறித்த காலத்துக்கு மோஎத். பண்டிகை நாட்களுக்கும் அதே பெயர் என்பதால் நாட்காட்டியில் பார்த்துப் பழக்கம். காத்திரு என்பது ஹக்கே. பெண்ணாக இருந்தால் ஹக்கி. விசா ஆபீஸ் கவுன்டரில் இருக்கும் பெண் தலையை நிமிர்த்தாமல் என்னிடம் சொல்வாளே, அந்தச் சொல். தீர்க்கதரிசிக்குக் கர்த்தர் சொன்னதையும் எனக்கு அந்தப் பெண் சொல்வதையும் ஒரே சொல்லால் சொல்ல முடிகிறது என்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

3

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பழைய அட்டைகளை எல்லாம் வேதப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கட்டில் மேல் பரப்பினேன். பழைய அட்டைகள் எல்லாவற்றிலும் நடுவில் சிலுவை மாதிரி மடிப்புத் தடம். சிலதில் மடிப்பில் எழுத்தே தேய்ந்திருந்தது. ஆபகூக் மட்டும் வழவழவென்று இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நகத்தால் தடவிப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை.

மடிக்காத அட்டை தட்டுக்கு வராது. தட்டுக்கு வராததை யாரும் கண்ணை மூடி எடுத்திருக்க முடியாது. யாரோ படித்துப் பார்த்துப் பொறுக்கி அனுப்பியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் ஸ்டெல்லா மேல்தான் சந்தேகம் வந்தது. நான் திரும்பி வந்தால் அவள் வீட்டு டி.வி.யும் மிக்ஸியும் யார் தயவில் வந்தன என்ற பேச்சு வரும் என்று பயப்படுகிறாளோ. அடுத்து பாஸ்டர். எந்த வசனத்தை எடுத்தாலும் "மூல பாஷையாகிய எபிரேயத்திலே" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் இழுப்பவர். "நம்ம சகோதரி இஸ்ரவேல் தேசத்துல இருக்காங்க" என்று மைக்கில் சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை. நான் ஊரோடு வந்துவிட்டால் அந்தப் பெருமை போய்விடும். போதாததற்குப் பியூலா தினமும் சாயங்காலம் பாஸ்டர் வீட்டுக்குப் போகிறாளாம். அவள் கடிதத்தில் நடுநடுவே எபிரேயச் சொற்கள் வர ஆரம்பித்திருந்தன. படிப்பை விட்டுவிட்டு முழுநேர ஊழியம் என்று கிளம்பிவிடுவாளோ என்ற நினைப்பு வந்த பிறகு எனக்குத் தூக்கமும் போயிற்று.

மாதத்துக்கு ஒரு முறை, பட்டினப்பாக்கம் எஸ்.டி.டி. பூத்தில் அவர்கள் வந்து நிற்க, நான் இங்கிருந்து போன் கார்டு போட்டுக் கூப்பிடுவேன். அந்த மாதம் ஸ்டெல்லா எடுத்தாள்.

"அட்டையை யார் எடுத்தது?"

"இன்னாக்கா கேள்வி இது? பியூலாதான் எடுத்துச்சு."

"நீ கண்ணால பாத்தியா?"

"கூட்டத்துல எங்க பாக்கறது? தட்டு வர்றதுக்குள்ள பாதிப் பேரு எழுந்து செருப்பு தேடிக்கினு கீறாங்கோ."

"மடிச்சிருந்துச்சா?"

"யக்கா, அம்மாந் தூரத்துலேர்ந்து போன் போட்டு மடிப்பு கேக்கறியே. உனுக்கு ஒடம்பு நல்லா கீதா?"

பியூலாவிடம் கொடுக்கச் சொன்னேன். காலேஜ் எப்படி என்றால் "போவுது." சிநேகிதிகள் உண்டா என்றால் "கீறாங்க." சாப்பிட்டாயா என்றால் "ம்." முதல் வருஷம் போனை வைக்கவிடாமல் அழுத பிள்ளை. இப்போது அவள் தரும் ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்ட வேண்டியிருந்தது.

4

வெளியே போனால் திரும்பி உள்ளே வருவதற்குப் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை வேண்டும். அதற்கு மிரியத்தின் மகன் கடிதம், டாக்டர் கடிதம், நான் இல்லாத நாட்களில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு கடிதம். மூன்றும் சேர்ந்தபோது முதல் கடிதத்தின் தேதி காலாவதியாகியிருந்தது. ஹக்கி என்றார்கள். கடைசியில் ஆகஸ்டில் மூன்று வாரம் கிடைத்தது.

"உன் தீர்க்கதரிசி காத்திருன்னாரே?" என்றாள் மிரியம்.

"அவரு சொன்னாரு. அவரை எங்கிட்ட யார் அனுப்புனாங்கன்னு பாத்துட்டு வரேன்."

"நீ போலீஸுக்குப் போயிருக்கணும். என் வீட்டுக்கு வந்துட்ட."

விமான நிலையத்திலிருந்து ஆட்டோவில் வந்தேன். நான் போகும்போது மெட்ராஸ் என்றிருந்த போர்டுகளில் எல்லாம் சென்னை என்று இருந்தது. ஹவுசிங் போர்டு திருப்பத்தில் ஆட்டோக்காரர் நேராக விட்டுவிடப் பார்த்தார். "ரெகா, ரெகா" என்று கத்திவிட்டேன். ஒரு நிமிஷம் என்று எபிரேயத்தில் அர்த்தம்.

"ரேகாவா?" என்று வண்டியை நிறுத்திப் பின்னால் பார்த்தார். "அது யாரும்மா, அதையும் ஏத்திக்கணுமா?"

பியூலா கீழே நின்றிருந்தாள். என்னைவிட அரை அடி உயரமாகிவிட்டாள். பெட்டியை வாங்கிக்கொண்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் அவள் படிக்கும் மூலையில் பழுப்பு அட்டை போட்ட கணக்குப் புத்தகம் ஒன்று விரித்தபடி இருந்தது. எடுத்துப் புரட்டினேன். எட்டாவதுக்கு மேலே எனக்கு எல்லாக் கணக்கும் ஒன்றுதான். காலேஜ் புத்தகம் என்று நெஞ்சோடு அணைத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்தப் பார்வையையும் குறித்து வைத்துக்கொண்டேன்.

5

இரண்டாம் நாள் காலை பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அட்டை கைப்பையில் இருந்தது. ஊழியத்துக்கு வருமுன் கணக்கு வாத்தியாராக இருந்தவர் அவர். வாசலிலேயே, "ஸ்தோத்திரம் ரோஸி சிஸ்டர்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

நான் நலம் விசாரிக்கவில்லை. "ஐயா, இந்த வசனத்துக்கு மூல பாஷையில என்ன அர்த்தம்?" என்று அட்டையை நீட்டினேன். அவர் ஏதாவது உளறுவார், அங்கேயே பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அவர் தலையணை மாதிரி ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு எண் போட்டிருந்தது. எண்ணைத் தேடி, விரலை வைத்து, "மாஹா. தயங்குதல், சுணங்குதல்" என்றார். "அடுத்தது ஆகார். பிந்துதல். ரெண்டும் வேற வேற சிஸ்டர். நம்ம தமிழ்ல ஒண்ணாயிடுச்சு."

சரியாகத்தான் சொன்னார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. "மாஹா இல்ல ஐயா, யித்மஹ்மா. ஆகார் இல்ல, யெஅஹெர்," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன். ஒரு நோட்டை எடுத்துத் தமிழில் எழுதிக்கொண்டார். "இருபது வருஷமா இத்த நான் வாயில வந்தபடி சொல்லிக்கினு கீறேன். திருத்த ஆளே இல்ல. ஞாயித்துக்கிழமை வந்து சபைக்குச் சொல்லுங்க சிஸ்டர். எனுக்கு ஒரு வெக்கமும் இல்ல."

சண்டைக்குப் போனவளுக்குக் காபி வந்தது. குடித்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "இதுல மடிப்பு இல்ல. எப்படி ஐயா?"

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிரஸ்லேர்ந்து கட்டா வரும். மடிக்கிறது வாலிபப் பிள்ளைங்க. நான் தொடவே மாட்டேன், எனக்கு வேண்டியதை வெச்சுட்டேன்னு பேச்சு வந்துடும். போன தடவை பொறுப்பு உங்க பியூலாதான். ஒத்தையா உக்காந்து அத்தினியும் மடிச்சுது."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நல்ல பிள்ளை சிஸ்டர்," என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். "அக்டோபருக்கு ரெடி பண்ணிக்கினு கீறோம். ஜெபிச்சுக்குங்க."

அக்டோபரில் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பைபிள் காலேஜ் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் எழுந்து வந்துவிட்டேன்.

6

மறுநாள் காலை பியூலா பையை மாட்டியதும் நானும் செருப்பைப் போட்டேன். "உன் காலேஜைப் பாக்கணும்."

"இன்னிக்கு வேணாம்மா. உள்ள விடமாட்டாங்க."

"வாசல்ல நின்னு பாத்துட்டு வரேன். வாசலுக்குமா விடமாட்டாங்க?"

ஸ்டெல்லா ஏதோ சொல்ல வாயெடுத்து, பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் பியூலா, பக்கத்தில் நான். திரு.வி.க. பாலத்தில் ஏறியதும் கேட்டேன்.

"அட்டையை நீ தட்டுல எடுக்கல. மடிக்கிறப்பவே பொறுக்கி எடுத்துருக்க."

அவள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். கீழே அடையாறு கறுப்பாகக் கிடந்தது.

"பாஸ்டர் எடுக்கச் சொன்னாரா? சித்தியா?"

"ஒருத்தரும் சொல்லல."

சிக்னலில் பஸ் நின்றது. "அடையாறு எறங்கு, எறங்கு" என்று கண்டக்டர் பலகையைத் தட்டினார். அவள் அசையவில்லை.

"ஸ்டாப் வந்துடுச்சுடி."

"எறங்கி இன்னா பண்றது."

"இன்னா பண்றதுன்னா? காலேஜ்..."

"காலேஜே இல்லம்மா," என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

பஸ் கிளம்பிவிட்டது. பெசன்ட் நகர் வரைக்கும் போய்விட்டோம். கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கிய பிறகும் உட்கார்ந்திருந்தோம். கண்டக்டர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் டீ குடிக்கப் போனார்.

அப்போதுதான் சொன்னாள். பிளஸ் டூவில் பிசிக்ஸும் கணக்கும் போய்விட்டன. எனக்குப் பாஸ் என்று எழுதிவிட்டாள். அக்டோபரில் திரும்ப எழுதியதில் பிசிக்ஸ் தேறியது, கணக்கு மறுபடியும் போனது. இருநூற்றுக்கு எழுபது வேண்டும், நாற்பத்தொன்று வந்ததாம். நான் மூலையில் பார்த்த புத்தகம் பிளஸ் டூ புத்தகம். சாயங்காலம் பாஸ்டர் வீட்டுக்குப் போவது கணக்கு டியூஷனுக்கு. கணக்குக்கு நடுவே அவர் எபிரேயம் சொல்வார், இவள் அதைக் கடிதத்தில் எழுதிவிடுவாள். வேறு எதை எழுத? சித்திக்கு எல்லாம் தெரியும்.

"நீ மார்ச்சுல வரேன்னு எழுதின. வந்தா காலேஜ் வாசல்லதான் நிப்ப, எனுக்குத் தெரியும். அட்டை மடிச்சிக்கினு இருந்தப்ப இந்த வசனம் கைக்கு வந்துச்சு. காத்திருன்னு இருந்துச்சு. எடுத்து நோட்டுக்குள்ள வெச்சுட்டேன்."

"ரெண்டு மாசம் கழிச்சு வான்னு எழுதியிருந்தா வராம இருக்க மாட்டனா?"

"எழுதினா நீ நம்புவியா? ஏன் எதுக்குன்னு சித்தியைக் கேப்ப, கீழ் வீட்டைக் கேப்ப, பூத்துக்கார அண்ணனைக் கேப்ப. நான் பெரிய மனுஷி ஆயிட்டேன்னு சித்தி எழுதினப்பகூட தேதி சரியா வரலியேன்னு திருப்பி எழுதினவதானே நீ. இத்தினி வருஷத்துல கேள்வி கேக்காம நீ நம்புனது அந்த அட்டை ஒண்ணுதான். அதான் அதுல வெச்சேன்."

அறையலாம் என்றுதான் கை போனது. பாதியில் அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டது. பைக்குள் ஒரு டிபன் டப்பாவைத் தவிர ஒன்றும் இல்லை. காலேஜ் போகிறவள் மாதிரி அதைத் தினமும் மாட்டிக்கொண்டு கிளம்பி, எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாளோ.

நான் பிறகு சொன்னதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "நான் எட்டாவதோட நின்னேன்னு சொல்லுவேனே, அது நின்னது இல்ல. ஃபெயில். நோட்டீஸ் போர்டுல என் நம்பர் இல்ல. வெக்கத்துல அந்தத் தெருப் பக்கமே போகல."

அவள் திரும்பிப் பார்த்தாள். "தாத்தா கல்யாணத்துக்காக நிறுத்திட்டாருன்னு சொன்ன?"

"அது நானா சொல்லிக்கினது. தாத்தா பாவம், திருப்பி எழுதுன்னுதான் சொன்னாரு."

மிரியத்தின் பேத்தி ஹைஃபாவில் யுனிவர்சிட்டியில் படிக்கிறாள். ஒரு பரீட்சை போனால் இன்னொரு தேதியில் எழுதுவாள். அதற்கு 'மோஎத் பெத்', இரண்டாம் வேளை, என்று பெயர். தீர்க்கதரிசி சொன்ன அதே மோஎத். போயிற்று என்று பாட்டியிடம் வந்து சத்தமாகச் சொல்லிவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்து சாப்பிடுவாள். அதையும் சொன்னேன்.

"ஒளிக்கவே மாட்டாளா?"

"எங்க ஒளிப்பா? மிரியத்துக்கு அவ என்ன படிக்கிறான்னே ஞாபகம் இருக்காது."

பியூலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். கண்டக்டர் வந்து விசிலைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னாம்மா, வந்த பஸ்லயே ரிட்டனா? டிக்கெட் எடுத்துக்கோ" என்றார்.

7

அக்டோபர் வரைக்கும் இரு என்று அவள் கேட்டாள். பாஸ்போர்ட் முத்திரைக்கு அது புரியாது. செப்டம்பரில் திரும்பி வந்துவிட்டேன். இருந்திருக்கலாமோ என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறது.

இங்கே வந்து மிரியத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாக்குத்தத்தம் என்று நான் நம்பியது ஒரு பிள்ளை பயத்தில் பொறுக்கிய சீட்டு என்றால், அந்த வசனம் எனக்கு வந்ததா வரவில்லையா? இதுதான் என்னைக் குடைந்தது.

"அந்த வசனத்துக்கு முன்னாடி படிச்சியா?" என்று கேட்டாள். நான் படிக்கவில்லை. அட்டையில் ஒரு வசனம்தானே இருக்கும். "அந்த ஆள் கடவுளையே கூண்டுல ஏத்தினவன். எவ்வளவு நாள் கத்தறது, கேக்கவே மாட்டியா, அநியாயத்தைப் பாத்துக்கிட்டு ஏன் சும்மா இருக்கேன்னு சண்டை. கேட்டுட்டு, என்ன பதில் வருதுன்னு பாக்கறேன்னு காவல் மேடையில ஏறி நின்னுக்கிட்டான். அப்படிப்பட்டவனுக்கு வந்த பதில் அது. சந்தேகக்காரனுக்குன்னே சொன்னது. உன் பொண்ணு தெரிஞ்சு எடுத்தாளோ தெரியாம எடுத்தாளோ, ஆள் பாத்து எடுத்திருக்கா."

இதை எழுத ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. மிரியத்துக்கு நடுவில் காய்ச்சல், அதனால் விட்டு விட்டு எழுதுகிறேன். நேற்று பியூலாவிடமிருந்து கடிதம் வந்தது. உறையைத் தடவிப் பார்த்தேன், அட்டை இல்லை. ஒரே ஒரு காகிதம். நலம் விசாரிப்பு, ஸ்தோத்திரம் எதுவும் இல்லாமல் முதல் வரியே இப்படி இருந்தது: அம்மா, கணக்கு மறுபடியும் போய்விட்டது, அறுபத்து நாலு, ஆறு மார்க்கில் போய்விட்டது, சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

நான் அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் சாய்க்கவில்லை. தபால் முத்திரைத் தேதியைப் பார்க்கவில்லை. அழுதேன், பிறகு இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டேன். ஆறு வருஷத்தில் அவள் எழுதியதில் இந்த ஒரு கடிதத்தைத்தான் முழுதாக நம்பினேன்.

இன்று பூத்துக்குப் போன் போட்டேன். யாரையாவது விட்டு அவளைக் கூப்பிட்டுவரச் சொல்லி, பத்து நிமிஷம் கழித்து மறுபடி போட்டேன்.

"லெட்டர் வந்துச்சா?" மூச்சு வாங்கியது அவளுக்கு.

"வந்துச்சு. இருபத்து மூணு மார்க்கு ஏறியிருக்கேடி. நாப்பத்தொண்ணுலேர்ந்து."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது.

"ம்மா. அது நாப்பத்தொண்ணு இல்ல. இருபத்தொண்ணு. அன்னிக்கு பஸ்ல சொல்றப்ப வாய் வரல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ நாப்பத்து மூணு ஏறியிருக்கு."

"மார்ச்சுல திரும்பி எழுதறேன். பாஸ்டர் பணம் கட்டச் சொல்லிட்டாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "மறுபடியும் ஃபெயிலானா?"

"போன் போட்டுச் சொல்லு. நம்பறேன்."

"பாஸானா?"

"பாஸானா மார்க் ஷீட் அனுப்பு."